மெதுவாகக் கேட்ட கேள்விகள்

அக்காக்காரிக்குத் தங்கச்சிக்காரி பாடம் எடுக்கும் கூத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, அதற்குப் பின்னால் தங்கச்சிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு ஒரே வேலைதான், செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. "உண்மையான இன்டர்வியூ போர்டுலயும் ஒருத்தர் இப்படித்தான் உக்காந்திருப்பாரு. அவரைக் கண்டுக்கக் கூடாது" என்று தங்கச்சிக்காரி சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் அந்த வேடத்தில் ரொம்ப இயல்பாகப் பொருந்தினார்.

அக்காக்காரி தன் சொந்த வீட்டுக் கதவை வெளியே நின்று தட்ட வேண்டும். தட்டினாள்.

"மறுபடி போ. தட்டுறதே சரியில்ல. கடன் கேக்க வந்தவ மாதிரி தட்டுற."

"பேங்குக்குக் கடன் கேக்கத்தானேடி வருவாங்க?"

"பாத்தியா, இந்த வாய் இங்க நல்லாப் பேசும். அங்க போனாத்தான் பூட்டிக்கும்."

அக்காக்காரி மறுபடி வெளியே போய் நின்றாள். சொன்னது உண்மை. எரிச்சல் வருவதே அது உண்மையாக இருப்பதால்தான்.

தங்கச்சிக்காரி ஒரு பெரிய வங்கியின் தலைமை அலுவலகத்தில் அதிகாரி. முதல் தடவை பரீட்சை எழுதி, முதல் தடவை நேர்முகத்துக்குப் போய், முதல் தடவையே வேலையோடு வந்தவள். அக்காக்காரி ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்கிறாள். அவளும் அதே வங்கிக்குத்தான் எழுதினாள். எழுத்துப் பரீட்சையில் தங்கச்சியைவிட நல்ல மதிப்பெண்ணே வாங்குவாள். நேர்முகத்தில் போய்க் கவிழ்ந்துவிடுவாள். முதல் தடவை, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டதற்கே கண்ணில் நீர் முட்டி, மேஜை மேலேயே இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. சின்ன வயதிலேயே அப்பா அவளுக்குக் 'குழாய்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். அவர் போன பிறகும் பெயர் போகவில்லை. இரண்டாம் தடவை அழக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில், அவர்கள் கேள்வியை முடிப்பதற்கு முன்னாலேயே பதிலை ஒப்பித்தாள். பாதிக் கேள்விகள் அவள் நினைத்த கேள்விகளே இல்லை.

இது மூன்றாவது தடவை, இதுவே கடைசியும். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் அவள் வங்கிக்கு எவ்வளவு பெரிய அறிவாளியாகப் போனாலும், வரிசையில் நின்று பணம் போடத்தான் போகலாம்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு தங்கச்சியிடம் படித்தாள். உள்ளே நுழைந்ததும் தலைவருக்கு முதல் வணக்கம், பிறகு மற்றவர்களுக்கு. உட்காரச் சொன்ன பிறகு உட்காரு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. மடக்கிக் கேட்பார்கள், அது கோபத்தில் கேட்பது கிடையாது. வாடிக்கையாளர் கத்தினால் நீ நிற்பாயா ஓடுவாயா என்று பார்க்கக் கேட்பது. "கேள்வி கஷ்டமாக ஆக ஆகச் சந்தோஷப்படணும்க்கா. உன்கிட்ட சரக்கு இருக்குன்னு தெரிஞ்சுதான் தோண்டுறாங்கன்னு அர்த்தம்." இப்படிச் சொன்னவளும் தங்கச்சிக்காரிதான். அழைப்புக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படிக்க வைத்தவளும் அவள்தான். எந்த வழியில் யார் சிபாரிசு செய்தாலும், விண்ணப்பித்தவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், விண்ணப்பம் தள்ளுபடி என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நல்ல விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காக்காரி தேறிவிட்டாள். வாய் பூட்டிக்கொள்வது நின்றது. கடைசி ஞாயிறு தங்கச்சிக்காரி கேட்ட கேள்விகளுக்கு எதிர்க்கேள்வி கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். செல்போனைப் பார்க்கும் வேடத்தில் இருந்த வீட்டுக்காரரே தலையைத் தூக்கி, "அட" என்றார். தங்கச்சிக்காரி சிரித்தாள். ஆனால் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்க போய்ப் பதறிடாதக்கா" என்றாள்.

இந்த 'பதறாதே' இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும். நேர்முகத்தன்று காலையில் அம்மா போன் செய்து, "பதறாதம்மா" என்றாள். வீட்டுக்காரர் டீயை நீட்டி, "பதறாம குடி" என்றார். டைல்ஸ் கடை முதலாளி லீவு கொடுத்ததே பெரிய விஷயம். அவரும் குரல் செய்தி அனுப்பியிருந்தார், பதற வேண்டாமாம். நிதானமாக எழுந்து நிதானமாகக் கிளம்பிய பொம்பளைக்கு, பஸ் ஏறுவதற்குள் நிஜமாகவே பதற்றம் வந்துவிட்டது.

தலைமை அலுவலகத்தின் மேல் மாடியில்தான் நேர்முகம். ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஏசியை யாரோ தண்டனை மாதிரி வைத்திருந்தார்கள். தங்கச்சிக்காரி இரண்டு மாடி கீழே தன் இருக்கையில் இருந்தாள். முடிந்ததும் கீழே வாசலில் சந்திப்பதாகப் பேச்சு.

அக்காக்காரியின் பக்கத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். இது அவருக்கு எத்தனையாவது நேர்முகம் என்பது அவருக்கே மறந்துவிட்டதாம். எல்லா வங்கிகளிலும் தோற்றவர் என்பதால் எல்லாம் தெரிந்தவராக இருந்தார்.

"உள்ளேருந்து வர்றவங்க மூஞ்சியைப் பாருங்க" என்றார். "வியர்த்துப்போய் வந்தா நல்ல சகுனம். சிரிச்சுக்கிட்டு வந்தா முடிஞ்சுது கதை. வேண்டாம்னு முடிவு பண்ணின ஆளுகிட்ட எதுக்குங்க கஷ்டமான கேள்வி? சாப்டீங்களா, பஸ்ல வந்தீங்களான்னு கேட்டுட்டு அனுப்பிடுவாங்க."

அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. முதலில் போன பெண் வெகுநேரம் கழித்துக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொரிச்சு எடுத்துட்டாங்க" என்றாள். அடுத்து ஒரு பையன், வெளிறிப்போய் வந்தான். அதற்கப்புறம் டைக்காரர் போனார்; வரும்போது டையைத் தளர்த்தியிருந்தார். "இந்தத் தடவை நல்லாத் தோண்டிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காக்காரிக்குப் பதற்றம் நின்றுவிட்டது. வாங்க, என்னையும் தோண்டுங்க என்று இருந்தது அவளுக்கு.

பியூன் கூப்பிட்டார். கதவைத் தட்டினாள். கடன் கேட்க வந்தவள் மாதிரி இல்லாமல் தட்டினாள்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த முடியை இழுத்து முடிந்த ஒரு அம்மாள். இடது பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர். வலது பக்கம் ஒல்லியாக ஒருவர், செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காக்காரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முறைப்படி வணங்கி, சொன்ன பிறகு உட்கார்ந்தாள்.

தலைவி அம்மாள் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஆரம்பிங்க" என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் முன்னால் சாய்ந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரிப் புன்னகைத்தார். "வாங்கம்மா. எப்படி வந்தீங்க? பஸ்லயா?"

அக்காக்காரிக்கு டைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "ஆமாம் சார்."

"கூட்டமா இருந்துச்சா?"

"கொஞ்சம் சார்."

"சாப்டீங்களா? தண்ணி குடிங்க. பரவாயில்ல, குடிங்க, அவசரமே இல்ல."

குடித்தாள். வேறென்ன செய்வது?

"சேமிப்புக் கணக்குன்னா என்னன்னு சொல்ல முடியுமா?"

சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

"அருமை! செக்குன்னா என்ன?"

அதையும் சொன்னாள். அவர் ஒவ்வொரு பதிலுக்கும் 'அருமை' என்றார். குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் சொல்வோமே, அந்தக் குரலில். பிறகு, டைல்ஸ் கடையில் என்னென்ன நிறம் அதிகம் விற்கும் என்று கேட்டார். வெளிர் சாம்பல் என்றாள். அதுவும் அருமையாம்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. அவ்வளவுதான். மேடம், நீங்க ஏதாவது..."

தலைவி அம்மாள் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அக்காக்காரி பேசிவிட்டாள். யோசித்துப் பேசவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து அவளைப் பேச வைத்தன.

"சார், என்னை ஏற்கனவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். செல்போன்காரர்கூட.

"எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் வியர்த்துப்போய் வந்தாங்க சார். என்கிட்ட மட்டும் பஸ்ஸு, தண்ணி, டைல்ஸ் கலருன்னு கேக்கறீங்க. இது எனக்குக் கடைசி வாய்ப்பு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆனா கேட்டுட்டுச் சொல்லுங்க."

குரல் உடையவில்லை. அதை அவளே கவனித்து ஆச்சரியப்பட்டாள்.

கண்ணாடிக்காரர் பதறிப்போனார். கெட்ட மனிதர் இல்லை பாவம். அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொண்டாளே என்ற வருத்தம் அவருக்கு. "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா! உங்க நல்லதுக்குத்தான். நீங்க சீக்கிரம் பதறிடுவீங்க, கொஞ்சம் மெதுவாக் கேளுங்கன்னு உங்க தங்கச்சிதான் சொல்லுச்சு. என் செக்ஷன்ல இருந்த பொண்ணு, அதான்..."

பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பயன்?

தலைவி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "யார் சொன்னது?"

"சும்மா பேச்சுவாக்குல மேடம். போன்ல வேற எதுக்கோ பேசறப்ப..."

"நேத்தா, முந்தாநாளா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்காக்காரிக்கு முதலில் வந்தது நிம்மதி. வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை என்ற நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அடுத்த மூச்சில் உடம்பெல்லாம் எரிந்தது. மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கஷ்டமான கேள்விக்குச் சந்தோஷப்படு என்று சொன்ன அந்தத் தங்கச்சிக்காரி, இவளை ஒரு நாளும் நம்பவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமைகூட நம்பவில்லை. சிரித்துவிட்டுப் போய் போனை எடுத்திருக்கிறாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைவி கேட்டாள்.

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருக்காதுன்னுதான் தோணுது. தெரிஞ்சிருந்தா நீங்க இப்படிக் கேட்டிருக்க மாட்டீங்க." அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "ஆனா கடிதத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சிருப்பீங்க."

"படிச்சேன் மேடம். தெரிஞ்சாலும் தெரியாட்டியும்னு போட்டிருக்கு."

"என் காதுல விழுந்தாச்சு. விழலைன்னு நான் நடிச்சா, நாளைக்கு யாராவது இதைக் கிளப்பினா, இன்னிக்கு வந்த அத்தனை பேரோட நேர்முகமும் ரத்தாகும். நான் எழுதித்தான் ஆகணும். உங்க தங்கச்சிகிட்டயும் விளக்கம் கேப்பாங்க." கண்ணாடிக்காரரைப் பார்க்காமலே, "உங்ககிட்டயும்" என்றாள்.

அக்காக்காரி எழுந்திருக்கவில்லை.

"எழுதுங்க மேடம்" என்றாள். "ஆனா எழுதறதுக்கு முன்னாடி மத்தவங்ககிட்ட கேட்ட மாதிரி என்கிட்டயும் கேளுங்க."

"இனிமே கேட்டு என்னம்மா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. தெரியும். கேளுங்க."

தலைவி அம்மாள் விண்ணப்பத்தை ஓரமாக வைத்தாள். பிறகு வலது பக்கம் திரும்பித் தலையசைத்தாள். செல்போன்காரர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். வெளியே வந்தவர்களையெல்லாம் பொரித்து எடுத்தது இவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கடனுக்கு வாங்கற வட்டிதானே பேங்குக்கு வருமானம்?" என்றார். "அப்போ வட்டியை நல்லா ஏத்திட்டா லாபம் ஏறிடுமே. ஏன் ஏத்தறதில்ல?"

"எல்லா பேங்கும் போட்டி போட்டுக் கடன் தர்ற மாதிரி நல்ல நிலைமையில இருக்கறவர் நம்மகிட்ட அந்த வட்டிக்கு வர மாட்டார் சார். வேற எங்கயும் கிடைக்காதவர்தான் வருவார். எங்க கடையிலயும் கடனுக்குச் சரக்கு எடுக்க வர்றவர் விலையே கேக்கலைன்னா முதலாளி பயப்படுவார். குடுக்கற எண்ணம் இருக்கறவர்தான் பேரம் பேசுவார்."

"சரி. ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். மகன் செக்கோட வர்றான். கையெழுத்து ஒத்துப்போகல. ஆபரேஷனுக்குப் பணம் கட்டணும்னு கவுன்ட்டர்ல அழறான். பின்னாடி வரிசை கத்துது. என்ன பண்ணுவீங்க?"

"பணம் தர மாட்டேன்."

"அப்பா செத்துப்போனா?"

அக்காக்காரி எச்சில் விழுங்கினாள். "மகனை உக்கார வச்சுட்டு மேலதிகாரிகிட்டப் போவேன். நம்ம ஆள் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கே போய், சாட்சி வச்சு, அவர்கிட்டக் கைரேகை வாங்கிட்டு வரலாம். அதுக்கு வழி இருக்கு. பணம் தரமாட்டேன்னு சொல்றதும் உதவி பண்ண மாட்டேன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல சார்."

"உங்க மேனேஜர் அவசரம்னு உங்க பாஸ்வேர்டைக் கேக்கறார்."

"தர மாட்டேன்."

"உங்க லீவு, டிரான்ஸ்ஃபர் எல்லாம் அவர் கையில."

"இருக்கட்டும் சார்."

அவர் விடவில்லை. பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வியை உருவினார். வராக்கடன், தொலைந்த அட்டை, இறந்தவரின் கணக்குக்கு உரிமை கேட்டுச் சண்டை போடும் இரண்டு மகன்கள். வங்கி உத்தரவாதம் பற்றி ஒரு இடத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். சுற்றி வளைக்காமல், "எனக்குத் தெரியாது சார்" என்றாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லி, அவர் மடக்கியதும் திருத்திக்கொண்டாள். கழுத்தில் வியர்த்தது. ஏசி அறையில், யாரும் மதிப்பெண் போடாத ஒரு நேர்முகத்தில், அவளுக்கு நன்றாக வியர்த்தது.

கடைசியில் செல்போன்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். "என்கிட்ட கேள்வி தீர்ந்துபோச்சு மேடம்" என்றார்.

தலைவி அம்மாள் பேனாவை எடுத்தாள். "நீங்க நல்லாப் பதில் சொன்னீங்க" என்றாள். "அதை எழுதறதுக்கு இதுல இடம் இல்ல." பிறகு தாளில் எழுத ஆரம்பித்தாள். அக்காக்காரி எழுந்து முறைப்படி மூவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் தங்கச்சிக்காரிக்குச் சொல்ல ஒரு வசவு கிடைத்தது. வாசலில் தங்கச்சிக்காரி நின்றிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு, கையில் இரண்டு காகிதக் கோப்பையில் டீ.

"எப்படிக்கா? சுலபமா இருந்துச்சா?"

சேர்த்து வைத்த வசவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "போர்டு முன்னாடியே உளறிட்டாருடி உன் பழைய ஆபீசர். நீ போன் பண்ணினதை."

தங்கச்சிக்காரியின் முகம் விழுந்தது. "தலைவர் காதுல விழுந்துடுச்சா?"

"எழுதிட்டாங்க. தள்ளுபடி. உனக்கும் விளக்கம் கேட்டு வரும்."

"அக்கா, அது சிபாரிசு இல்லக்கா. வேலை குடுங்கன்னா சொன்னேன்? மெதுவாக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை. இங்க எல்லாரும் எதுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க. லீவுக்கு, சீட்டு மாத்த, ஃபேன் மாத்த, எல்லாத்துக்கும்." அந்த ஆபீசில் அது நிஜம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே நாற்காலிகூட நகராது. அதுவே பழகிப்போய், கடிதத்தில் தடித்த எழுத்தில் இருப்பது தன் ஒரு வார்த்தைக்கும் பொருந்தும் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. "உனக்காகத்தானே பண்ணினேன்!"

"எனக்காக இல்ல. நான் தோத்துடுவேன்னு பண்ணின."

டீக்கோப்பை சரிந்து, டீ தங்கச்சிக்காரியின் விரலில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

அக்காக்காரி விடுவிடுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். தங்கச்சிக்காரி பின்னாலேயே வந்தாள். ஆபீஸ் நேரத்தில் இருக்கையை விட்டு வந்திருக்கிறாள், அதற்கும் திட்டு விழும், விழட்டும். இருவரும் நிறுத்தத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒரு பஸ் வந்தது, அக்காக்காரி ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று அவளுக்கே கோபமாக இருந்தது.

"மெதுவாத்தான் கேட்டாங்களா?" என்று தங்கச்சிக்காரி கேட்டாள். குரல் உள்ளே போயிருந்தது.

"முதல்ல. அப்புறம் நான் கேக்க வச்சேன்."

"யார் கேட்டது? ஒல்லியா இருப்பாரே, அவரா?" தங்கச்சிக்காரியின் கண் விரிந்தது. "அவர்கிட்டயா? அவர் கேட்டா எங்க ஆபீஸ்ல மேனேஜருங்களே எச்சில் முழுங்குவாங்க. என்னக்கா கேட்டாரு?"

சொல்லக் கூடாது என்றுதான் அக்காக்காரி நினைத்தாள். இவளிடம் இனிமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று படியிறங்கும்போதே முடிவு செய்திருந்தாள். ஆனால் அந்தப் பதில்கள் உள்ளே இருந்துகொண்டு அவளைப் பிடுங்கித் தின்றன. வீட்டுக்காரரிடம் சொன்னால் 'பாவம், விடு' என்பார். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். கடை முதலாளிக்குக் கடைக்குத் திரும்பி வருகிறாள் என்றால் போதும். அந்த ஆஸ்பத்திரிக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவளுக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளும் இவளாகப் போய்த் தொலைந்தாளே என்பதுதான் எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சலாக இருந்தது.

"முதல் கேள்வி வட்டியைப் பத்தி" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே அக்காக்காரி சொல்ல ஆரம்பித்தாள்.